காட்டில் தங்கும்போது வெளிக்குப் போவது: வன்னி மண்ணுக்கு எது சரி?

கேள்வி – யூலை 6, 2024

நாங்கள் பல்கலைக்கழக நண்பர்கள் ஆறு பேர். ஓகஸ்ட் நடுவில் முத்தையன்கட்டுப் பக்கம் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்க யோசனை. சமையல், தண்ணீர், பாம்பு, யானை எல்லாம் கதைத்தாயிற்று. ஒன்றைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை: வெளிக்குப் போவது. அப்பாமார் காலத்தில் குளக்கரையில்தான் போனார்கள், ஒன்றும் நடக்கவில்லை. காட்டில் மாடும் யானையும் போடாததா? குழி வெட்டு, மூடு, கடதாசியைத் திருப்பிக் கொண்டு வா என்பதெல்லாம் வெள்ளைக்காரர் சட்டம் என்கிறான் ஒருவன். உண்மையா?

யூலை 6, இரவு

உண்மை இல்லை, தம்பி. மாடும் யானையும் தின்பது புல்லும் இலையும். மனிதனின் வயிற்றில் இருந்து வருவது மனிதனுக்கு வரும் நோயோடு வருகிறது. நெருப்புக் காய்ச்சல் கிருமி மனிதனிடம் இருந்து மனிதனுக்குத்தான் போகும், இடையில் மாடு இல்லை. செங்கமாரியைக் கொண்டுவரும் கிருமிகளில் ஒன்று தண்ணீர் வழியாகவே பரவும். கொழுக்கிப் புழுவின் முட்டை ஈர மண்ணில் பொரித்து, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்பாமாருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று அப்பாமார்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையில் நிறுத்திப் பூச்சி மருந்து தந்தது சும்மா இல்லை.

பொது விதி இதுதான். 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழக் குழி, அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீர், பாதை, கூடாரம் மூன்றில் இருந்தும் 60, 70 மீற்றர் தள்ளி. வளர்ந்த ஆள் நூறு காலடி வைத்தால் அந்தத் தூரம் வந்துவிடும். வேலை முடிந்ததும் தோண்டிய மண்ணாலேயே மூட வேண்டும். இன்னும் ஆழமாக வெட்டினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். உக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம்.

வெள்ளைக்காரர் சட்டம் என்ற நண்பருக்கு: பதினெண்கீழ்க்கணக்கில் உள்ள ஆசாரக்கோவை, எச்சில் துப்பவும் சலமலம் கழிக்கவும் கூடாத இடங்கள் பத்தைச் சொல்கிறது. புல், பயிர், சாணம், சுடலை, வழி, தீர்த்தம், கோயில், நிழல், மாட்டுத் தொழுவம், சாம்பல். வழியும் தீர்த்தமும் அதில் இருக்கிறது, பாருங்கள்.

யூலை 7

காலையில் எழும்பியதும் மனதில் நின்றது நேற்று எழுதிய தூரக் கணக்கு. "தண்ணீரில் இருந்து 70 மீற்றர்" என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு வன்னிக்குப் போனால் பிழைத்துவிடும்.

ஓகஸ்டில் குளம் எங்கே நிற்கும்? சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு முடிந்து, வெயிலில் வற்றி, நடுவில் ஒடுங்கிப் போய் நிற்கும். அதில் இருந்து நூறு காலடி நடந்தால் நீங்கள் இன்னும் குளத்துக்குள்தான் நிற்பீர்கள். மண் காய்ந்திருக்கும், புல் முளைத்திருக்கும், மாடு மேயும். தரை என்று நம்பிக் குழி வெட்டுவீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையோடு தண்ணீர் ஏறி வந்து அந்தக் குழிக்கு மேல் நிற்கும். மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும்போது அதே தண்ணீர்தான் கீழே அடுத்த குளத்துக்குப் போகும். வன்னியில் பல குளங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடுத்திருப்பவை. ஒன்றில் கலந்தது அந்தக் கரையோடு நிற்பதில்லை. கீழே குளிக்கிறார்கள், ஜப்பான் மீனும் விராலும் பிடிக்கிறார்கள்.

அதனால் அளக்க வேண்டியது இன்றைக்குத் தண்ணீர் நிற்கும் இடத்தில் இருந்து அல்ல, மாரியில் அது வந்து நிற்கும் இடத்தில் இருந்து. எந்தப் புத்தகத்து விதியை எடுத்தாலும் வன்னிக்கு இதை முதலில் சேர்க்க வேண்டும்.

யூலை 7, பின்னேரம்

"மாரி எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது, அக்கா?" நல்ல கேள்வி.

குளத்துக்கு முதுகு காட்டி அலைகரைப் பக்கமாக, அதாவது அணைக்கட்டுக்கு எதிர்ப்பக்கமாக, மேலே நடவுங்கள். முதலில் வெடித்த களிமண். பிறகு கோரைப் புல். பிறகு பற்றைகள் தொடங்கும். பற்றைகளின் கீழ்க் கிளைகளை உற்றுப் பாருங்கள்: காய்ந்த பாசி, வைக்கோல் துண்டு, சிலவேளை ஒரு ரெஜிபோம் துண்டு, ஒரே உயரத்தில் சிக்கிக் கிடக்கும். போன மாரியில் தண்ணீர் வந்து நின்ற கோடு அது. மருத மரம் வரிசையாக நின்றால் அதுவும் தண்ணீரின் எல்லைதான், மருது காலை நனைத்துக்கொண்டு நிற்கிற மரம். இதையெல்லாம் தாண்டி, நிலம் மெல்ல உயர்ந்து, பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காட்டுக்குள் வந்த பிறகு நூறு காலடியை எண்ணத் தொடங்குங்கள்.

ஓடைக்கும், மோட்டை என்கிற சின்னக் காட்டுக் குளத்துக்கும் இதே கணக்குத்தான். ஓகஸ்டில் மணல் மட்டும் கிடக்கும் ஓடை நடக்க வசதியான பாதை மாதிரித் தெரியும். அதுவும் ஆறுதான்.

யூலை 9

குழி, குழி என்று எழுதிக்கொண்டு போகிறேன். வன்னியில் குழிக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை வெளிநாட்டில் இருந்து எழுதும் தம்பிமாருக்காக விரிவாகச் சொல்கிறேன்.

மிதிவெடி. போர் முடிந்தது 2009 மே மாதத்தில். மிதிவெடிகளைப் புதைக்கக் கூடாது என்ற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்கள் 2002 முதல் இங்கே அகற்றி வருகின்றன. பெரும்பகுதி நிலம் துப்புரவாகி ஆட்களிடம் கையளிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் முகமாலை போன்ற இடங்களில் வேலை இன்னும் நடக்கிறது. மிதிவெடி ஆழத்தில் இருக்கும் பொருள் அல்ல. மேல்மண்ணுக்குக் கீழே சில அங்குலத்தில், நீங்கள் குழி வெட்டும் அதே ஆழத்தில்தான் அதைப் புதைப்பார்கள். வெடிக்காத எறிகணைக்கு ஆழக் கணக்கே இல்லை.

அதனால் இடத்தைத் தெரிவு செய்யும்போது காட்சியைப் பார்க்க வேண்டாம், ஆட்களைக் கேளுங்கள். கிராம அலுவலரைக் கேளுங்கள். அந்தக் காட்டில் விறகு வெட்டுகிறவர், தேன் எடுக்கிறவர், பட்டி மாடு வைத்திருப்பவர் யாரையாவது கேளுங்கள். காட்டுக்குள் தங்க அனுமதி வேண்டுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ, கட்டிய நாடாவோ கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். மாடு மேய்கிறது, ஆகவே பிரச்சினை இல்லை என்ற கணக்கு வேண்டாம், மாடு அலவாங்கு போடுவதில்லை. பழைய மண் அணை, பங்கர் பள்ளம் தெரியும் இடத்தில் "தோண்டிய மண் மெதுவாக இருக்கிறது" என்று அங்கே குழி வெட்டப் போகவே கூடாது.

குழி வெட்டலாமா என்று ஒரு சந்தேகம் இருக்கிற இடத்தில் கூடாரமும் வேண்டாம்.

யூலை 10

பீவண்டு எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு போய்ப் புதைத்துவிடும், தோண்டத் தேவையே இல்லை என்று ஒரு ஐயா எழுதியிருக்கிறார். மழைக்குப் பிறகு அந்த வண்டை நானும் பார்த்திருக்கிறேன். மண் மூடி முடிக்கும் முன்பே பறந்து வந்து, பின்னங்காலால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு தலைகீழாக நடக்கும். ஆனால் வண்டுகள் கூட்டமாக வருவது மழைக் காலத்தில். இவர்கள் போவது ஓகஸ்டில். அப்போது வண்டுக்கு முன் இலையான் வந்து, அங்கிருந்து நேரே உங்கள் சோற்றுக் கோப்பைக்குப் போகும்.

யூலை 13

கழுவுவது பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் எங்கள் ஆட்களுக்கு அதுதான் பிரச்சினையின் நடு. இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்களில் அனேகமானோர் கடதாசியால் துடைக்கிறவர்கள். எங்களுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் குளத்தில் இருக்கிறது, அதனால் கால் தானாகக் குளத்துக்குப் போகிறது. பழைய பழக்கம் குளக்கரையில் வந்து நின்றதே அதனால்தான்.

சரி, தண்ணீரைக் குளத்தில் இருந்து குழிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆளைக் குளத்துக்கு அல்ல. ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஒருவருக்குத் தாராளம். குழிக்கு மேலேயே இருந்து, குழிக்குள்ளேயே கழுவுங்கள். காய்ந்த மண்ணில் அந்த ஈரம் உக்குவதற்கும் உதவும். மண்ணை மூடிவிட்டுக் கைக்குச் சவர்க்காரம், ஆனால் குளத்தில் இறங்கி அல்ல. கூடாரத்துக்குத் திரும்பும் வழியில் ஓரிடத்தில் இன்னொருவர் தண்ணீர் ஊற்ற நின்று கழுவலாம். சவர்க்காரத் தண்ணீர் மண்ணில் விழட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. விடியப்புறத்திலும் பொழுதுபட்ட பிறகும் குளத்து ஓரத்தில் குந்துவது முதலைக்கு வசதியான உயரம். வன்னிக் குளங்களில் முதலை இருக்கிறது. இது ஒன்றே போதும்.

யூலை 14

கடதாசியும் ஈரத் துடைப்பான்களும். கடதாசி பாவிப்பவர் இரண்டு பையை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகலாம். வெறும் வெள்ளைக் கடதாசியென்றால் புதைத்தாலும் ஒருநாள் உக்கும், ஆனால் காய்ந்த மண்ணில் நெடுநாள் எடுக்கும். ஈரத் துடைப்பானைப் புதைக்கவே கூடாது. பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் பெரும்பாலானவற்றில் இருப்பது பிளாஸ்ரிக் நார்.

எரித்துவிடலாம் என்ற தம்பிக்கு: ஓகஸ்டில் சோளகம் வீசும், காட்டுத் தரை முழுக்கச் சருகு. வேண்டாம்.

யூலை 18

ஆறு பேர், இரண்டு இரவு. ஆளுக்கு ஆள் தனிக் குழியா, எல்லாருக்கும் ஒரு குழியா என்று கேட்டிருக்கிறார்கள். இதை எழுத நாலு நாள் பிந்தியது, ஏனென்றால் எழுதத் தொடங்கினால் வேறு இடத்துக்குப் போகும் என்று தெரியும்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன காலத்தில் எங்கள் ஊர் ஆட்கள் ஒரு புது இடத்தில் தறப்பாள் போட்டதும் அடுத்து வெட்டியது இரண்டு குழி. ஒன்று பங்கர், மற்றது வெளிக்குப் போக. நாலு கம்பு நட்டு உரப்பையைப் பிரித்துச் சுற்றிக் கட்டினால் மறைப்பு. குழிக்கு மேலே இரண்டு பக்கமும் கால் வைக்கப் பலகை அல்லது பனங்குற்றி. பக்கத்தில் ஒரு குவியல் மண்ணும் ஒரு சிரட்டையும். போய் வருகிற ஒவ்வொருவரும் இரண்டு சிரட்டை மண் போட வேண்டும். அம்மா அடுப்புச் சாம்பலையும் ஒரு பேணியில் கொண்டு வந்து வைப்பார். அந்த நெருக்கடியிலும் "மண் போட்டியா?" என்று சின்னப் பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் உள்ளே விடுவார். எங்களிடம் ஒரு வாளி தண்ணீரே பெறுமதியாக இருந்த காலம். நோய் வந்தால் மருந்து இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் ஆட்கள் நெருக்கமாக அடைபட்டபோது செங்கமாரி எப்படிப் பரவியது என்பதைக் கண்டவர்கள் இங்கே வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

இதை யாரோ வெளியில் இருந்து வந்து சொல்லித் தருகிற விடயமாக நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, வன்னிச் சனங்களுக்கு இது கையால் தெரிந்த வேலை. இல்லாத காலத்தில் ஒழுங்காகச் செய்ததை இருக்கிற காலத்தில், விருப்பத்துக்குப் போய்த் தங்கும் இடத்தில் செய்ய மாட்டோம் என்பது சரியில்லை.

பதிலுக்கு வருகிறேன். ஆறு பேர் இரண்டு இரவு என்றால் ஆளுக்கு ஆள் தனிக் குழி, பரவலாக, காட்டின் வெவ்வேறு பக்கத்தில். ஒரே இடத்தில் குவிந்தால் உக்க நேரம் பிடிக்கும். பெரிய கூட்டம், சின்னப் பிள்ளைகள், நாலைந்து நாள் என்றால் ஒரு நீளக் குழி நல்லது. ஒரு முனையில் தொடங்கி மண் போட்டு மூடிக்கொண்டே மறுமுனைக்குப் போகலாம். கிணறு இருந்தால் குறைந்தது 30 மீற்றர் தள்ளி, குழியின் அடி நிலத்தடி நீருக்கு ஒன்றரை மீற்றராவது மேலே. தாழ்ந்த வயல் பக்கத்தில் மாரியில் அது கிடைக்காது, அங்கே கூட்டமாகத் தங்க வேண்டாம்.

யூலை 19

சாம்பல் பற்றி ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எழுதியது பயனுள்ளது, அதனால் இங்கே சேர்க்கிறேன். நீளக் குழிக்குச் சாம்பல் நல்லது. ஈரத்தை உறிஞ்சும், இலையானை அண்ட விடாது. ஆனால் ஒரு சாண் குழிக்குச் சாம்பல் வேண்டாம், அங்கே எங்களுக்கு வேண்டியது மண்ணில் உள்ள நுண்ணுயிர் தன் வேலையைச் செய்வது, சாம்பலின் காரம் அதைத் தடுக்கும். சருகும் மண்ணும் போதும்.

யூலை 21

"ஓகஸ்டில் மண்ணை வெட்டவே முடியாது" என்பவர்களுக்கு. முடியும், பொறுமை வேண்டும். மரத்தடியில் சருகு தடிப்பாக விழுந்திருக்கும் இடத்தைத் தெரிவு செய்து, சருகை ஒரு பக்கமாக ஒதுக்கி வையுங்கள். அதன் கீழ் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்பு மண், தலைமயிர் போல வேர். அதற்குக் கீழே சிவப்பு மண் கிறவலோடு இறுகியிருக்கும், மண்வெட்டி பட்டால் கிணுங்கும். அங்கே அரைப் போத்தல் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து கூடாரம் அடியுங்கள். அரை மணித்தியாலம் கழித்துச் சின்ன அலவாங்கால் கிளறினால் கட்டி கட்டியாக விடும். சிரட்டையால் அள்ளி வெளியே குவியுங்கள். பகலிலேயே ஆளுக்கு ஒன்றாக வெட்டி, பக்கத்தில் ஒரு தடியை நட்டு வைத்துவிட வேண்டும். அவசரம் வந்த பிறகு வெட்டுகிற குழி நாலு விரல் ஆழத்தோடு நின்றுவிடும்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் தங்குகிறவர்களுக்குத் தோண்டுவது சுகம், உக்குவது கடினம். வெறும் மணலில் உயிர் குறைவு. அடம்பன் கொடியைத் தாண்டி, மரம் நிற்கும் மண்ணுக்கு வாருங்கள்.

யூலை 27

பெண்கள் பற்றி ஒருத்தி தனியாக எழுதிக் கேட்டாள். எல்லாருக்கும் பொதுவாகவே பதில் எழுதுகிறேன், ஆண்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

பெண் பிள்ளைகளோடு தங்கப் போகும் இடங்களில் நான் கண்டது, வெட்கத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். வெயிலில் அப்படி இருந்தால் தலையிடி, மயக்கம், சலக்கடுப்பு. ஆகவே போய் இறங்கிய உடனேயே எந்தப் பக்கம் பெண்களுக்கு, எந்தப் பக்கம் ஆண்களுக்கு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒரு சீலை அல்லது தறப்பாள் துண்டைக் கட்டி மறைப்புச் செய்யுங்கள். அதன் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

இருட்டில் தனியே போக வேண்டாம், ஆண்களும்தான். இரண்டு பேர், இரண்டு ரோர்ச். ஒருவர் சத்தம் கேட்கும் தூரத்தில் திரும்பி நிற்கட்டும். கதைத்துக்கொண்டே நடவுங்கள், கரடிக்கும் யானைக்கும் நீங்கள் வருவது முன்கூட்டியே தெரிய வேண்டும். குந்தும் முன் ரோர்ச் அடித்து, தடியால் சருகைத் தட்டுங்கள். சுருட்டை விரியன் சின்னது, சருகோடு சருகாகக் கிடக்கும்.

மாதவிடாய் நாப்கினைப் புதைக்க வேண்டாம். பன்றி கிளறி எடுத்துக் காடெல்லாம் இழுக்கும். உள்ளே தெரியாத பை ஒன்றில் காய்ந்த தேயிலைத் தூளைக் கொஞ்சம் போட்டு, சுற்றிய நாப்கினை அதில் வைத்துக் கட்டினால் மணம் அடங்கும். பிள்ளைகளின் பம்பஸுக்கும் இதே வழி.

ஓகஸ்ட் 3

மடுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்ப் பந்தல் போட்டுத் தங்குபவர்கள் கேட்டிருக்கிறார்கள். அங்கே இந்த ஒரு சாண் குழி சரிவராது. ஓகஸ்ட் 15க்கு லட்சக்கணக்கில் சனம் சேரும் காடு. ஒரு குடும்பம் செய்தால் மண் தாங்கும், எல்லாரும் செய்தால் தாங்காது. மலசலகூடம் இருக்கிற இடத்தில் வரிசையில் நின்றாவது அதைத்தான் பாவிக்க வேண்டும். பிள்ளைக்குச் சட்டி கொண்டுபோய், அதையும் மலசலகூடத்திலேயே ஊற்றுங்கள்.

ஓகஸ்ட் 20

கேள்வி கேட்ட தம்பி போய் வந்துவிட்டார். பற்றையில் பாசி சிக்கிய கோட்டைக் கண்டுபிடித்தார்களாம், அவர்கள் நினைத்ததைவிட எவ்வளவோ மேலே இருந்ததாம். அதைக் கண்ட பிறகு கூடாரத்தையே மாற்றி அடித்திருக்கிறார்கள். வாசிக்கச் சந்தோஷம்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு குழியைப் பன்றி கிளறியிருந்ததாம். ஆழம் சரியாக இருந்தும் நடக்கிற விடயம்தான் இது. மண்ணைப் போட்டுக் காலால் நன்றாக மிதித்து இறுக்கிவிட்டு, மேலே சூரை முள்ளோ காரை முள்ளோ வெட்டிப் போட்டு, தூக்கக்கூடிய கல் இருந்தால் அதையும் வையுங்கள். முகரக் கிட்ட வந்தாலும் மூக்கில் முள் குத்தினால் விட்டுவிட்டுப் போகும்.

ஓகஸ்ட் 22

ஒரு பெடியனுக்கு அங்கே வயிற்றோட்டம் வந்துவிட்டதாம், அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அடுத்த முறைக்காக எழுதுகிறேன்.

அவருக்கென்று கூடாரத்துக்குக் கொஞ்சம் கிட்ட, ஆனால் தண்ணீரில் இருந்து அதே தூரத்தில், நீளக் குழி ஒன்றை மற்றவர்கள் வெட்டிக் கொடுக்க வேண்டும். அவர் நூறு காலடி ஓட முடியாது. ஒவ்வொரு தடவையும் மண். அவர் சமைக்கக் கூடாது, பரிமாறவும் கூடாது. குளத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறிய பிறகுதான் எல்லாரும் குடிக்க வேண்டும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற் நாலைந்து பையில் எப்போதும் இருக்கட்டும். ஒரு பக்கற் ஒரு லீற்றர்த் தண்ணீருக்கு, பாதிப் பக்கற்றை ஒரு கோப்பையில் கலக்கிக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல், இரத்தம், கண் உள்ளே போய்ச் சலம் போகாமல் இருப்பது, இதில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. காட்டுக்குள் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது. உள்ளே போகும்போதே கடைசியாகச் சிக்னல் இருந்த இடம் எது என்று பார்த்து, எல்லாருக்கும் காட்டி வையுங்கள்.